களத்துல நிக்குற வரைக்கும்

என் அப்பா ஜெபசிங் மைக்கைப் பிடித்தால் எந்த வாக்கியம் வரும் என்று தமிழில் கிரிக்கெட் கேட்ட அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு மட்டையாளர் இரண்டு பவுண்டரி அடித்துவிட்டால் போதும், “இவர் களத்துல நிக்குற வரைக்கும் கவலையே இல்லைங்க!” என்பார். அடுத்த பந்தில் ஸ்டம்ப் பறக்கும். ஒருமுறை ஒரு தொடக்க ஆட்டக்காரர் முந்தின நாளே வீட்டுக்குப் போன் செய்து, “அண்ணே, உங்க கால்ல விழுதேன், நாளைக்கு என்னைப் பத்தி மட்டும் அதைச் சொல்லிராதீங்க” என்று கெஞ்சினார். அப்பா சத்தியம் பண்ணினார். மறுநாள் நான்காவது ஓவரில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்தப் பையன் ரன் அவுட்டாகிப் போகும்போது வர்ணனை அறையை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் படமாக்கி ஊர் முழுக்கச் சிரித்தார்கள்.

அது ஒன்றுதானா? முதல் பவுண்டரிக்கு “இதுக்குத்தானே காத்திருந்தோம்!” ஆறு விக்கெட் போன பிறகும் “ஆட்டம் இன்னும் முடியலைங்க.” மழை வந்தால் “வருண பகவானும் ரசிகர்தாங்க.” மனிதருக்கு மொத்தமே முப்பது நாற்பது வாக்கியம்தான் இருந்தது. அவற்றை வைத்தே ஆயுள் முழுக்க ஓட்டிவிட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி வாங்கினால், அது களத்தில் நிற்கும்வரை கவலையே இல்லை. எனக்கு மின்வாரியத்தில் வேலை கிடைத்தபோது தெருவில் நின்று என்னைப் பற்றிச் சொன்னார். என் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, மைக்கிலேயே சொன்னார். அந்தக் கல்யாணம் மூன்று வருஷத்தில் அவுட். நான் பெட்டியோடு பாளையங்கோட்டை வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று வாசலில் நின்று, “ஆட்டம் இன்னும் முடியலைம்மா” என்றார். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இப்போது நினைத்தால், அதைவிட நல்லதாக யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை என்று தோன்றுகிறது.

அம்மாவின் பெயர் பியூலா. ஐம்பது வயதில் வந்த ஒரு விஷக்காய்ச்சல் அவள் காதைக் கொண்டு போய்விட்டது. உள்காதில் ஒரு கருவியைப் பதித்தார்கள். ஒலியை வாங்கி நரம்புக்குள் நேராகக் கொடுக்கும் கருவி. கேட்பவரோடு சேர்ந்து அதுவும் கற்றுக்கொள்ளும் என்றார் டாக்டர் நிலோஃபர். மேலப்பாளையத்துக்காரர், எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்குப் பழக்கம்.

அந்தக் கருவியில் சலிப்பு வடிகட்டி என்று ஒன்று இருந்தது. மிக்ஸி இரைச்சல், தெருமுனை ஒலிபெருக்கி, கேட்டுக் கேட்டுப் புளித்த விளம்பரம், இப்படிக் கேட்பவரை அலுக்க வைக்கும் எதையும் தானே கண்டுபிடித்து அமுக்கிவிடும். அந்த இடத்தில் மின்விசிறிச் சத்தத்தையோ காற்றுச் சத்தத்தையோ நிரப்பிவிடுவதால், ஏதோ விட்டுப்போனது என்றே கேட்பவருக்குத் தெரியாது. அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. “ஏட்டி ரெனி, வீடு கோயில் மாதிரி இருக்கு” என்பாள்.

இதே வித்தை பிறகு டிவிக்கும் வந்தது. பார்ப்பவர் கையில் கட்டிய கடிகாரம் அவர் அலுப்பை அளக்கும். அலுத்த வாக்கியம் அவர் வீட்டில் மட்டும் ஒலிக்காது. ஒரு சீசன் முடிந்து கணக்குப் பார்த்தபோது, பெரும்பாலான வீடுகளில் அப்பா “வணக்கம்” சொன்னதும் “நன்றி” சொன்னதும்தான் கேட்டிருக்கிறது. சேனல்காரர்கள் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளி மைக்கை வைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வந்தது ஒரு இயந்திரக் குரல். ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லாது. அழகான தமிழ்தான், ஆனால் ஆட்டம் முடிந்து எழுந்தால் அது சொன்ன ஒரு வார்த்தை நினைவிருக்காது.

அப்பா அதற்காக அழவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துப் பள்ளி மைதானத்துக்குப் போய், டென்னிஸ் பந்து ஆட்டங்களுக்கு ஒலிபெருக்கியில் வர்ணனை செய்தார். “இந்த ஸ்பீக்கரை எவனும் வடிகட்ட முடியாது பாத்தியா?” என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

போன ஆனி மாதம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆபத்து விலகியது என்று சொல்லி, சாதாரண அறைக்கு மாற்றினார்கள். மத்தியானம் இதய டாக்டர் வந்தார். வீட்டுக்குப் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள், மாத்திரை யார் கொடுப்பார்கள் என்று கேட்டார். அப்பா, கட்டில் ஓரத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அம்மாவைக் கையால் காட்டினார். மூச்சு வாங்கியது. ஆனாலும் அந்தப் பழைய மைக் குரலைக் கொண்டுவந்து,

“இவ களத்துல நிக்குற வரைக்கும் கவலையே இல்லைங்க, டாக்டர்” என்றார்.

டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்து, “என்ன சொன்னாவ?” என்று என்னிடம் கேட்டாள். “வழக்கமா சொல்லுததுதான்” என்று சொல்லிவிட்டு நான் மருந்துச் சீட்டை வாங்கப் போனேன். சாயங்காலம் அப்பா போய்விட்டார். அப்பா யாரைப் பற்றிச் சொன்னாலும் அடுத்த பந்தில் அந்த ஆள் அவுட்டாவார். அன்றைக்கு மட்டும் எதிர்முனையில் நின்றவர் அவுட்டாகிவிட்டார்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, அம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“அன்னைக்கு டாக்டர்கிட்ட என்னைக் காட்டி என்னமோ சொன்னாவளே, என்னட்டி அது?”

சொன்னேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லேன்.”

“சொன்னேனேம்மா.”

“வாயை மட்டும் அசைக்கிற. சத்தத்தைக் காணோம்.”

மறுபடி சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். அம்மா முகத்தில் ஒன்றுமில்லை. மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள், அதுதான் கேட்டிருக்கும் போல. போனில் எழுதிக் காட்டினேன். படித்தாள்.

“இதையா?” என்றாள். பிறகு போனை மறுபடி படித்துவிட்டு, “இதை அவுக சொல்லிக் கேட்டே எத்தனையோ வருஷமாச்சே. விட்டுட்டாவன்னுல்லா நினைச்சேன்” என்றாள்.

“தினமும் சொன்னாவம்மா.”

“வயசாக ஆகப் பேச்சைக் குறைச்சுட்டாவன்னு உங்க சித்திகிட்டகூடச் சொன்னேன். காலையில காபி கொடுத்தா, குடிச்சுட்டு டம்ளரை வச்சுருவாவ. ஒரு வார்த்தை வராது. நல்லாருக்குன்னு சொன்னா நாக்குத் தேஞ்சா போயிரும்னு நினைச்சுக்கிடுவேன்.”

அதையும் வாயால் சொன்னால் கேட்காது. போனில்தான் எழுதினேன். ஒவ்வொரு நாள் காலையிலும், முதல் வாய் குடித்ததும், அப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்து, “இதுக்குத்தானே காத்திருந்தோம்!” என்று சொல்வார். சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் அம்மா முகத்தைப் பார்ப்பார். அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். “உங்கம்மாவுக்கு என் மேல என்ன கோவம்?” என்று என்னிடம் ஒன்றிரண்டு தடவை கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு வேலை மும்முரம் என்று நான் சொல்லியிருக்கிறேன். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும், மற்றவர் பேசுவதில்லை என்று நினைத்துக்கொண்டே பத்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்கள்.

அம்மா போனைக் குப்புற வைத்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பாவைப் பெட்டியில் வைத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

அடுத்த நாள் அப்பாவின் பழைய ஆட்டப் பதிவுகளை எல்லாம் தேடி எடுத்தோம். எத்தனையோ ஆட்டங்களில் அவர் அதைச் சொல்லியிருக்கிறார், அந்த இடம் வந்ததும் நான் கையைத் தூக்குவேன். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு காது கொடுப்பாள். இல்லையென்று தலையை ஆட்டுவாள். அப்பாவின் குரல் முன்னால் கேட்கிறது, பின்னால் கேட்கிறது, நடுவில் அந்த வாக்கியம் மட்டும் இல்லை. அவளே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். தன் குரல்கூட அவளுக்குக் கேட்கவில்லை. ஊர் உலகமே கேட்டு எரிச்சல்பட்ட வாக்கியம், கேட்க ஆசைப்பட்ட ஒரே மனுஷிக்குக் கிடைக்கவில்லை.

நிலோஃபரிடம் போனோம்.

“வடிகட்டியை அணைச்சு விடுங்க டாக்டர், அவ்வளவுதானே?” என்றேன். நான் பார்க்கிற வேலையில் எதற்கும் ஒரு சுவிட்ச் உண்டு.

“முதல்ல அந்த வழி இருந்துச்சு ரெனிட்டா. இத்தனை வருஷத்துல அது அம்மாவோட நரம்போட கலந்துபோச்சு. எது கேக்குற சக்தி, எது வடிகட்டின்னு பிரிக்க முடியாது.” அவர் அம்மா பக்கம் திரும்பி நிதானமாகப் பேசினார். “காது கேக்குறது பாதிதாம்மா. மீதியை மூளை முந்திக்கிட்டு யூகிச்சுரும். பழகின வாக்கியம்னா, ஆரம்பிக்கும்போதே மூளை அதை முடிச்சுவச்சுரும். அப்ப, ‘அட, இதுதானா’ன்னு உள்ளுக்குள்ள ஒரு அலுப்பு ஓடும். கருவி அதைத்தான் பிடிக்குது.”

“அப்போ நானாத்தான் அடைச்சிருக்கேன்?”

“நீங்க அடைக்கலை. நாம எல்லாருமே பக்கத்துல இருக்குறவங்க பேச்சைப் பாதி கேக்காமத்தான் வாழுறோம். ஆனா, நமக்கெல்லாம் என்னைக்காவது ஒருநாள் காதுல விழுந்துரும். உங்களுக்கு அந்த ஒருநாளையும் இது எடுத்துருச்சு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கருவி படித்த எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க ஒரு வழி இருக்கிறது என்றார். ஆனால் அழித்தால், கருவி வைத்த முதல் நாளுக்கே போய்விடுவாள். எந்தப் பேச்சும் புரியாது. எல்லாக் குரலும் ஒன்றுபோல, தகரத்தைத் தட்டுவது போலக் கேட்கும். திரும்பவும் பழக வேண்டும். இந்த வயதில் பேச்சு ஓரளவுக்குத் திரும்பலாம், ஆனால் இது இன்னார் குரல் என்று பிரித்தறியும் சக்தி அநேகமாகத் திரும்பாது.

“அப்படின்னா அப்பா குரலும் போயிரும்” என்றேன்.

“ஆமா. பதிவைப் போட்டாலும் அது அவங்களா, வேற யாராவதான்னு தெரியாது.”

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் கத்த ஆரம்பித்தேன். ஒரு வாக்கியத்துக்காக, அதுவும் ஊரே காறித் துப்பிய வாக்கியத்துக்காக, இருக்கிற காதைக் கெடுத்துக்கொள்வதா? அப்பா பாடிய கீர்த்தனை பதிவில் இருக்கிறது, என்னைக் குளிக்கவைத்தபோது பேசிய பேச்சு இருக்கிறது, அத்தனையும் அவர் குரலில் கேட்கிறதே, அது போதாதா? அம்மா நான் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள்.

“அவுக குரல் என் மனசுல இருக்குட்டி. முப்பத்தஞ்சு வருஷம் கூடவே இருந்திருக்கேன், அது எங்கயும் போகாது. ஆனா கடைசியா என்னைப் பத்தி ஒண்ணு சொன்னாவ. டாக்டர் கேட்டாரு, நர்ஸ் கேட்டா, நீ கேட்ட. எனக்குச் சொன்னது என்கிட்ட மட்டும் வந்து சேரலை. அதை வாங்காம நான் எப்படி இருப்பேன்?”

மறுநாள் நிலோஃபருக்குப் போன் செய்து நாள் குறித்தேன்.

அழிப்பதற்கு முந்தின நாள் முழுக்க அம்மா அப்பாவின் கீர்த்தனைப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். சமையல்கூடச் செய்யவில்லை. நான் ஓட்டலில் இட்லி வாங்கி வந்தேன்.

அழிப்பது ஒரு காபி குடிக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. நிலோஃபர், “அம்மா, நான் பேசுறது கேக்குதா?” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் பேசினேன். அவள் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு வந்த வாரங்களை நான் நினைக்க விரும்பவில்லை. நிலோஃபர் கொடுத்த பயிற்சி வார்த்தைகளை, அம்மா, ஆடு, இலை என்று தினமும் நான் சொல்வேன். அம்மாவுக்கு எல்லாம் ஒரே தகரச் சத்தம். சாப்பிட வா என்றாலும் புரியாது, கதவைச் சாத்து என்றாலும் புரியாது. எழுதிக் காட்டியே காலம் ஓடியது. அப்பாவின் கீர்த்தனையைப் போட்டபோது, “ஏதோ பெருச்சாளி பிராண்டுத மாதிரி இருக்கு, நிறுத்து” என்றாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். இந்த முட்டாள்தனத்துக்குச் சம்மதித்ததற்காக என்னையும் திட்டினேன், செத்துப்போன அப்பாவையும் திட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பழைய ஆட்டம் ஒன்றைப் போடு என்றாள் அம்மா. எதற்கு, புரியவா போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் போட்டேன். அம்மா சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா பேசிக்கொண்டே போனார். ஒரு பவுண்டரி. இன்னொன்று.

“நிறுத்து!” என்று அம்மா கத்தினாள். “திருப்பிப் போடு!”

போட்டேன்.

“‘இவர் களத்துல நிக்குற வரைக்கும் கவலையே இல்லைங்க’, இதானே? இதானே சொல்லுதாவ?”

நான் ஆமென்று தலையை ஆட்டினேன். அதற்கு முன்னால் அப்பா பேசிய ஒரு வார்த்தைகூட அம்மாவுக்குப் புரியவில்லை, பின்னால் பேசியதும் புரியவில்லை. அந்த வாக்கியம் மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்டது. ‘இதுக்குத்தானே காத்திருந்தோம்’ கேட்டது. ‘ஆட்டம் இன்னும் முடியலைங்க’ கேட்டது. ஊர் சலித்துத் தள்ளிய வாக்கியங்களாகப் பார்த்து ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

நிலோஃபருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. கேக்குறதுல பாதி யூகம்னு நானேதான் சொன்னேன். ஒண்ணும் தெளிவா கேக்காதப்போ, மூளைக்கு எது மனப்பாடமோ அதை மட்டும்தான் பிடிக்க முடியும். ஆயிரம் தடவை கேட்டதுதான் முதல்ல திரும்பி வரும், ரெனிட்டா. புதுசு புதுசா அழகாப் பேசியிருந்தா இப்ப ஒரு வார்த்தைகூட வந்திருக்காது.”

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மட்டையாளரின் ஸ்டம்ப் பறந்தது. அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள்.

‘அப்பா குரல் மாதிரி இருக்காம்மா?’ என்று எழுதிக் காட்டினேன்.

“இல்லட்டி. தகரம்தான். ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியலை.” கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவியை அணைக்கச் சொன்னாள். “இது எவனோ ஒரு ஆட்டக்காரனுக்குச் சொன்னது. எனக்குச் சொன்னது இதுல இல்லையே.”

அது எந்தப் பதிவிலும் இல்லை. ஆஸ்பத்திரி அறையில் யார் பதிவு செய்வார்கள்? நான் என்ன எழுதுவது என்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“நீ சொல்லு” என்றாள் அம்மா.

எனக்குப் புரியவில்லை.

“எல்லாக் குரலும் ஒண்ணுபோலத்தான் கேக்கும்னு டாக்டரம்மா சொன்னாவல்ல. உன் குரலும் தகரம், அவுக குரலும் தகரம். எனக்கு இனி வித்தியாசம் கிடையாது. அன்னைக்கு எப்படிச் சொன்னாவளோ அப்படியே சொல்லு.”

நான் அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, அப்பா சாய்ந்திருந்தது போலவே சாய்ந்து உட்கார்ந்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, ஆரஞ்சு உரித்த அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவளைக் கையால் காட்டினேன். அப்பா மாதிரியே மூச்சு வாங்கிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு நடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“இவ களத்துல நிக்குற வரைக்கும் கவலையே இல்லைங்க, டாக்டர்.”

அம்மா அசையவில்லை. கேட்டதோ இல்லையோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. எழுந்து அவள் தோளைத் தொடப் போனேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே, வெட்கப்பட்டது போல லேசாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்னங்க,” என்றாள், “இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னேன்.